வானொலி நிறுவனங்கள் இணையும்போது ஊர் நிலையத்துக்கும் அதன் ஊழியர்களுக்கும் என்ன ஆகிறது?

கேள்வி இது: ஒரு ஊரின் எஃப்எம் நிலையத்தை நடத்தும் நிறுவனத்தை, அதைவிடப் பல மடங்கு பெரிய ஊடக நிறுவனம் வாங்கப்போகிறது. "நிலையத்தில் எதுவும் மாறாது" என்று இரண்டு நிர்வாகங்களும் சொல்கின்றன. அதை நம்பலாமா? அங்கே வேலை செய்பவர்கள் எதை எதிர்பார்க்க வேண்டும்? கேட்பவர்களுக்கு என்ன இழப்பு?

அறிவிப்பு வரும் நாளில் அந்த உறுதிமொழி உண்மைதான். வானொலி உரிமம் அரசு கொடுப்பது. அது கைமாற ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். அனுமதி வரும்வரை வாங்குபவர் நிலையத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அதனால் அறிவிப்புக்கும் கைமாற்றத்துக்கும் நடுவில் சில மாதங்கள் எல்லாம் பழையபடியே ஓடும். ஊழியர்களும் அந்த அமைதியைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். (அமெரிக்காவில் உரிமம் கைமாறும் முன்பே, ஒலிபரப்பு நேரத்தை வாங்குபவர் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ஒப்பந்தமும் உண்டு. அப்படி நடந்தால் இந்த இடைவெளிகூடக் கிடைக்காது.) உண்மையான மாற்றம் கைமாறிய பிறகு தொடங்கும். நான் கவனித்தவரை, முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் பெரிய வெட்டுகள் முடிந்துவிடும்.

வாங்குபவர் யார் என்பதைவிட இரண்டு விஷயங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்று, வாங்குவதற்கான பணம் எங்கிருந்து வருகிறது. இரண்டு, கைமாறிய பிறகு அந்த ஊரிலேயே இருந்து வேலை செய்பவர்கள் எத்தனை பேர். நிகழ்ச்சி, செய்தி, விளம்பரம், பாட்டுப் பட்டியல் எல்லாவற்றின் கதியும் இந்த இரண்டைப் பொறுத்தே அமைகிறது.

முதலில் பணம். வானொலி நிலையத்தின் செலவுகளில் பலவற்றைத் தொட முடியாது. டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம், கோபுர வாடகை, உரிமக் கட்டணம், பாடல்களுக்கான ராயல்டி எல்லாம் யார் முதலாளியானாலும் கட்டியே ஆக வேண்டியவை. சீக்கிரம் குறைக்கக்கூடிய பெரிய செலவு சம்பளம் ஒன்றுதான். இணைப்பு அறிவிப்பில் "ஆண்டுக்கு இவ்வளவு கோடி மிச்சம் பிடிப்போம்" என்று முதலீட்டாளர்களுக்கு ஒரு தொகை சொல்வார்கள். சினர்ஜி என்று அதற்குப் பெயர். ஊழியராக இருந்தால் அந்த அறிக்கையில் முதலில் தேட வேண்டியது அந்தத் தொகையைத்தான். வாங்கப்படும் நிறுவனத்தின் மொத்தச் சம்பளச் செலவில் அது எத்தனை பங்கு என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டாலே, எவ்வளவு ஆழமாக வெட்டப்போகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

வாங்கும் பணம் கடனாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. அமெரிக்க வரலாறு இதை நன்றாகக் காட்டுகிறது. 1996 வரை அங்கே ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 20 ஏஎம், 20 எஃப்எம் நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் தேசிய உச்சவரம்பை முழுவதுமாக நீக்கியது. ஒரே ஊருக்குள் எத்தனை வைத்திருக்கலாம் என்ற வரம்பு மட்டும் மிஞ்சியது. 45 அல்லது அதற்கு மேல் நிலையங்கள் உள்ள பெருநகரச் சந்தையில் ஒருவர் 8 வரை வைத்திருக்கலாம். அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது ஒரு வாங்கல் வெறி. டெக்சாஸைச் சேர்ந்த கிளியர் சேனல் நிறுவனம் மட்டும் 1,200க்கு மேற்பட்ட நிலையங்களைக் கையில் வைத்திருந்தது.

பிறகு 2008ல் அந்த கிளியர் சேனலையே பெய்ன் கேபிடல், தாமஸ் எச். லீ என்ற இரண்டு தனியார் முதலீட்டு நிறுவனங்கள் பெரும் கடன் வாங்கி விலைக்கு வாங்கின. அந்தக் கடன் வாங்கியவர்களின் தலையில் விழவில்லை, வாங்கப்பட்ட நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. 2009 ஜனவரியில் சுமார் 1,850 பேருக்கு வேலை போனது. விளம்பரச் சந்தை சரிந்த காலம் அது என்பதும் உண்மை. ஆனால் கடன் இல்லாத நிறுவனம் ஒரு மோசமான ஆண்டைத் தாக்குப்பிடிக்க முடியும். வட்டி கட்டவே வருமானம் போதாத நிறுவனம் ஆட்களைத்தான் அனுப்பும். 2014ல் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறிய அதே நிறுவனம், சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. கடன் குறைந்து 2019ல் வெளியே வந்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2020 ஜனவரியில் நாடு முழுக்கப் பல ஊர்களில் மறுபடி ஆட்குறைப்பு நடந்தது. இந்த முறை தொழில்நுட்பத்தையும் செயற்கை நுண்ணறிவையும் சுற்றி நிறுவனத்தை மாற்றியமைப்பதாகச் சொன்னார்கள்.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை. கியூமுலஸ் 2011ல் சிட்டடெல் நிறுவனத்தை வாங்கியது, 2017ல் திவாலானது. என்டர்காம் 2017ல் சிபிஎஸ் ரேடியோவைத் தன்னோடு இணைத்தது, ஆடசி என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2024 ஜனவரியில் திவால் மனு போட்டது. மூன்றுக்கும் பொதுவானது கடன். வானொலி மெதுவாக வளரும் தொழில், சில ஆண்டுகள் சுருங்கவும் செய்யும். வேகமாக வளரும் என்று நம்பி வாங்கிய கடனை அதன் வருமானத்தால் அடைக்க முடிவதில்லை. பட்ஜெட் போடும் மேசையில் ஒவ்வொரு ஆண்டும் முதலில் உட்காருவது வட்டி. மிச்சத்தில்தான் ஊர் நிலையங்கள் வாழ வேண்டும்.

சரி, வெட்டு தொடங்கினால் யாரில் தொடங்கும்?

நேயர்களுக்குத் தெரியாதவர்களில். இது எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதலில் கணக்குப் பிரிவு, மனிதவளம், வரவேற்பு. அவற்றைத் தலைமையகம் பார்த்துக்கொள்ளும். அடுத்து டிராஃபிக் பிரிவு. எந்த விளம்பரம் எந்த நிமிடத்தில் போக வேண்டும் என்று அட்டவணை போடும் அந்த வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று ஒரே இடத்துக்கு மாற்றுவார்கள். வாங்குபவருக்கு அதே ஊரில் ஏற்கெனவே நிலையம் இருந்தால் இரண்டு ஸ்டுடியோ ஒன்றாகும், இரண்டு சேல்ஸ் மேலாளர்களில் ஒருவர் போவார், இரண்டு என்ஜினியர்களில் ஒருவர் போவார். மிஞ்சிய என்ஜினியர் நாலைந்து ஊர்க் கோபுரங்களுக்கு அலைவார். அப்புறம் இரவு, வார இறுதி நேர ஆட்கள். செய்திப் பிரிவு இருக்கும் நாடுகளில் அடுத்தது செய்தியாளர்கள். ஆர்ஜேக்களைத் தொடுவது பெரும்பாலும் கடைசியில்தான். அதிலும் காலை நிகழ்ச்சி கடைசிக்கும் கடைசி, ஏனென்றால் விளம்பரப் பணம் அதிகம் வருவது அங்கேதான்.

இந்த வரிசை தெரிந்திருப்பது முக்கியம். காலையில் அதே குரல் கேட்கிறது என்பதால் நிலையம் நலமாக இருக்கிறது என்று நேயர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே பாதி மேசைகள் காலியாகி இருக்கும். அந்தக் குரலுக்கு உரியவரே மதியம் வேறு ஊருக்கான நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருக்கலாம்.

அதற்கு வாய்ஸ் டிராக்கிங் என்று பெயர். பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் பேச்சை மட்டும் தனித்தனியாகப் பதிவு செய்து கணினியில் ஏற்றிவிட்டால், கணினியே பாட்டோடு கோத்து நேரலை போல ஒலிக்கவைக்கும். நான்கு மணி நேர நிகழ்ச்சியின் பேச்சுப் பகுதியை அனுபவமுள்ளவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். தன்னளவில் இது கெட்ட கருவி இல்லை. சின்ன நிலையத்தில் ஒரு ஆர்ஜே பண்டிகை நாளில் வீட்டில் இருக்க இதுதான் உதவுகிறது. இணைப்புக்குப் பிறகு இதன் பயன்பாடு மாறிவிடுகிறது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், தான் காலே வைத்திராத ஆறு ஊர்களுக்குப் பேசுவார். ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் எழுதிய தாள் ஒன்று அவர் கையில் இருக்கும். ஒரு ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்காதபோது நேயர் கண்டுபிடித்துவிடுவார். அப்படித்தான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

அடுத்த கட்டம் குரலுக்கும் ஆள் வேண்டாம் என்பது. 2023ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் ஒரு நிலையம், தன் நிகழ்ச்சித் தொகுப்பாளரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுத்துப் பகுதிநேரமாக ஒலிபரப்பியது. அவர் ஒப்புதலோடு, வெளிப்படையாகச் செய்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் குரல் யாருக்குச் சொந்தம் என்று எழுதாத ஒரு ஆர்ஜே, நிறுவனம் கைமாறும்போது எந்த நிலையில் இருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஊரில் ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் சம்பவம் மைனாட். வடக்கு டகோட்டாவில் உள்ள அந்த ஊருக்கு வெளியே 2002 ஜனவரி 18 அதிகாலை ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு, அதிலிருந்து அம்மோனியா வாயு மேகம்போலக் கிளம்பியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஊரின் ஆறு வணிக நிலையங்களும் கிளியர் சேனல் வசம் இருந்தன. மக்களை எச்சரிக்கச் சொல்ல அதிகாரிகள் முயன்றபோது நிலையத்தில் தொடர்பு கிடைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவசர எச்சரிக்கைக் கருவியை ஊர் அதிகாரிகள் சரியாகப் பயன்படுத்தவில்லை, ஆள் இருந்தார் என்பது நிறுவனத்தின் பதில். தொலைபேசி இணைப்புகள் நெரிந்துபோனதும் உண்மை. இரண்டு பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆறு நிலையமும் ஆறு பேரிடம் இருந்திருந்தால், ஒன்றில் தொடர்பு கிடைக்காவிட்டாலும் இன்னொன்றில் கிடைத்திருக்கும் வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பைத்தான் இணைப்பு அழித்தது. அம்மாநில செனட்டர் பைரன் டோர்கன் பல ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதோடு நிறுத்தினால் நியாயமாக இருக்காது. 2005ல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, போட்டி நிறுவனங்களான என்டர்காமும் கிளியர் சேனலும் கைகோத்து ஒரே கூட்டு ஒலிபரப்பை நடத்தின. இரண்டு நிறுவனங்களின் ஆர்ஜேக்களும் செய்தியாளர்களும் ஒரே மைக்கைப் பகிர்ந்துகொண்டார்கள். வெள்ளத்தில் மாட்டியவர்கள் போன் செய்தார்கள், எங்கே இருக்கிறோம் என்று சொன்னார்கள். அந்தக் கூட்டு ஒலிபரப்பு பல நிலையங்களில் ஒலித்தது. பெரிய நிறுவனங்களின் பணமும் உபகரணமும் அங்கே உயிர் காத்தன. அவற்றை இயக்கத் தெரிந்த, அந்த ஊரின் தெருக்களைத் தெரிந்த ஆட்கள் அன்று அங்கே இருந்தார்கள் என்பதால்தான் அது முடிந்தது. முதலாளி பெரியவரா சின்னவரா என்று மட்டும் பார்த்தால் மைனாட்டையும் நியூ ஆர்லியன்ஸையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியாது. நிலையத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டும் புரியும்.

இதை ஒழுங்குமுறை அமைப்புகள் கவனிப்பதில்லையா என்று கேட்கலாம். கவனிக்கின்றன, ஆனால் அவர்கள் பார்ப்பது வேறு. போட்டிச் சட்ட அதிகாரிகளுக்கு வானொலியின் வாடிக்கையாளர் நேயர் இல்லை, விளம்பரதாரர். என்டர்காம், சிபிஎஸ் இணைப்பில் அமெரிக்க நீதி அமைச்சகம் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, சாக்ரமென்டோ நகரங்களில் சில நிலையங்களை விற்கச் சொன்னது. காரணம் விளம்பரக் கட்டணம் ஏறிவிடக் கூடாது என்பது. பிரிட்டனில் பாவர் நிறுவனம் 2019ல் நாலு சிறு குழுமங்களின் நிலையங்களை வாங்கியபோது, அங்குள்ள போட்டி ஆணையம் ஓராண்டு ஆராய்ந்தது. அதன் முக்கியமான கவலை, சின்ன நிலையங்களுக்காகத் தேசிய விளம்பரம் பிடித்துத் தரும் முகமை என்ன ஆகும் என்பது. அந்தச் சேவையைப் பத்து ஆண்டுகள் வரை தொடர்வதாக பாவர் உறுதி கொடுத்ததும் 2020ல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம் அறிவிப்பு வந்தது, செப்டம்பரில் அந்த நிலையங்களில் பெரும்பாலானவை தங்கள் சொந்தப் பெயரை இழந்து கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோ என்ற ஒரே வலைப்பின்னலின் கிளைகளாயின. பல பத்தாண்டுகளாக ஒரு ஊரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர்கள் ஒரே காலையில் போயின. யாரும் சட்டத்தை மீறவில்லை. அந்தச் சட்டம் அளக்கும் பொருள்களில் ஊர்ப்பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஊர்த்தன்மையைக் காக்கவென்றே தனி விதிகளும் இருந்தன. அவையும் தளர்ந்தபடி வருகின்றன. பிரிட்டனில் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018ல் உள்ளூர்த் தயாரிப்பு நேரத்தைக் குறைக்க அனுமதித்ததும், குளோபல் நிறுவனம் 2019ல் கேபிடல், ஹார்ட் நிலையங்களின் பிராந்தியக் காலை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு லண்டனிலிருந்து ஒரே நிகழ்ச்சியை நாடு முழுக்க அனுப்பத் தொடங்கியது. அமெரிக்காவில், நிலையம் தன் ஊரிலோ அருகிலோ முதன்மை ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்ற விதி ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இருந்தது. 2017ல் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி அதை எடுத்துவிட்டது. இணைப்புகள் இந்தத் தளர்வுகளைத் தேடிப் போகின்றன, தளர்வுகள் அடுத்த இணைப்பை லாபகரமாக்குகின்றன. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் விளங்காது.

இந்தியாவில் கதை வேறு வழியில் போகிறது. தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இங்கே அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, மின்தடை, குடிநீர், வெள்ள எச்சரிக்கை போன்ற தகவல்களைச் செய்தி அல்லாதவை என்று வகைப்படுத்தி அனுமதித்திருக்கிறார்கள். ஆகவே இங்கே இணைப்பால் பறிபோகச் செய்தி அறை இல்லை. போவது ஊர்ப்பேச்சும் ஊர்த் தகவலும்தான். தனியார் எஃப்எம்முக்கான அரசின் மூன்றாம் கட்டக் கொள்கை ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நாடு முழுக்க நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கிறது. ஒரே நகரத்தில் 40 சதவீத அலைவரிசைகளுக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது, குறைந்தது மூன்று நிறுவனங்கள் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. தேசிய அளவில் 15 சதவீதம் என்று இருந்த உச்சவரம்பை 2022ல் நீக்கிவிட்டார்கள். எச்டி மீடியா 2019ல் ரேடியோ ஒன் நிறுவனத்தைத் தன் வசம் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிக் எஃப்எம் நிலையங்களை ரேடியோ சிட்டியின் நிறுவனம் வாங்குவதாக அறிவித்து, அது நடக்காமல் போனது. பின்னர் பிக் எஃப்எம் திவால் நடைமுறைக்குப் போய் சஃபையர் மீடியா வசமானது. அறிவிப்பு வந்து, முடிவு வராமல் ஆண்டுக்கணக்கில் இழுபடும்போது ஊழியர்களுக்கு அது வெட்டைவிடக் கொடுமை. சம்பள உயர்வு இருக்காது, புது ஆள் எடுக்க மாட்டார்கள், நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். தயங்கித் தங்கியவர்களின் தலையில் எல்லா வேலையும் விழும்.

இணைப்பால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தனித்து நிற்கும் சின்ன நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் பழுதானால் புதிது வாங்க வழியில்லாமல் நிலையமே மூடப்படலாம். பெரிய குழுமம் உதிரிபாகத்தை மறுநாளே அனுப்பும். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி வைக்கும் முதலாளியிடமிருந்து ஒழுங்காகச் சம்பளம் போடும் நிறுவனத்துக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று பலர் எதிர்பார்க்காதது. ஒரே ஊரில் ஐந்து நிலையம் வைத்திருப்பவர் ஐந்திலும் ஒரே வகைப் பாட்டைப் போட்டால் தன்னோடு தானே மோத வேண்டும். அதனால் வகைகளைப் பிரித்துவிடுவார். 1996க்குப் பிந்தைய இணைப்புகளை ஆராய்ந்து பெர்ரி, வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர்கள் 2001ல் வெளியிட்ட ஆய்வு, நிலையங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது நிகழ்ச்சி வகைகள் கூடியதாகவே சொல்கிறது. பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது லாபம்தான். ஆனால் ஊர்க் கலைஞரின் பாட்டு, ஊர்ச் சண்டை, ஊர்த் தேர்வு முடிவு, தெருமுனைக் குழாய் உடைந்த விஷயம் எதுவும் எந்த வகையிலும் அடங்காது.

விளம்பரம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கேதான் பெரிய நிறுவனங்கள் தங்களுக்கே கெடுதல் செய்துகொள்கின்றன. சின்ன நிலையத்தின் சேல்ஸ் ஆள் கடை கடையாக ஏறி இறங்கி, முதலாளியின் பெண் கல்யாணத்துக்குப் போய், பத்து வருஷம் ஒரே வாடிக்கையாளரைத் தக்கவைத்திருப்பார். இணைப்புக்குப் பிறகு அவருக்குப் பத்து நிலையங்களை ஒரு பொட்டலமாக விற்கும் இலக்கு கொடுப்பார்கள். சின்னக் கடைக்காரருக்கு அந்தப் பொட்டலம் தேவையில்லை, கட்டுப்படியும் ஆகாது. அவர் கைபேசி விளம்பரத்துக்குப் போய்விடுவார். வருமானம் குறையும். அதைக் காரணம் காட்டி அடுத்த வெட்டு வரும். கைபேசிதான் வானொலியைத் தின்றது என்று சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

இனி ஊழியர்களுக்கு. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வாங்குவது நிறுவனத்தின் பங்குகளையா, நிலையத்தின் சொத்துகளை மட்டுமா என்பது. பங்குகளை வாங்கினால் உங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம் அப்படியே இருக்கிறது, உங்கள் ஒப்பந்தமும் தொடர்கிறது. சொத்துகளை மட்டும் வாங்கினால் பல நாடுகளில் பழைய நிறுவனம் உங்களை விடுவிக்கும், புதியவர் விரும்பினால் புதிதாக எடுப்பார். அப்படி எடுக்கும்போது பழைய பணிக்காலம், சேர்ந்துள்ள விடுப்பு, பணிக்கொடை எல்லாம் தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்ன மேலாளரே அடுத்த மாதம் அங்கே இருக்க மாட்டார்.

பிரிட்டனில் 2006ன் பணிமாற்றப் பாதுகாப்பு விதிமுறைகள்படி, தொழில் கைமாறினால் ஊழியர்களும் அதே நிபந்தனைகளோடு தானாகவே மாறுகிறார்கள். பொருளாதார, தொழில்நுட்ப, நிர்வாகக் காரணம் காட்டி ஆட்குறைப்பு செய்யும் வழி அதிலேயே இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு கேட்கும் சட்டம் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒரே இடத்தில் குறைந்தது 50 பேர் வேலை இழந்தால்தான் அது செல்லும். ஒரு வானொலி நிலையத்தில் மொத்தமே இருபது பேர்தான் இருப்பார்கள். நூறு ஊரில் பத்துப் பத்துப் பேராக ஆயிரம் பேரை அனுப்பினாலும் அந்தப் பாதுகாப்பு அவர்களில் பலருக்குக் கிடைக்காது. இந்தியச் சட்டம் நிறுவனம் கைமாறும்போது தொழிலாளருக்குப் பணித்தொடர்ச்சி அல்லது இழப்பீடு என்ற கொள்கையை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. ஆனால் பல ஆர்ஜேக்களும் புரொடியூசர்களும் ஊழியர் என்றே எழுதப்படாமல் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆலோசகராக வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

போட்டித் தடை விதியைப் படியுங்கள். வேலையை விட்டு ஆறு மாதமோ ஓராண்டோ அதே ஊரில் வேறு நிலையத்தில் பேசக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஊரில் எட்டு நிறுவனங்கள் இருந்த காலத்தில் அது தொந்தரவு மட்டும்தான். இணைப்புக்குப் பிறகு நிறுவனங்கள் இரண்டோ மூன்றோ ஆகும்போது, அது ஊரைவிட்டே கிளம்பு என்பதற்குச் சமம். குழந்தைகள் படிக்கும், பெற்றோர் வாழும் ஊர் அது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், இல்லினாய், நியூயார்க் மாநிலங்கள் ஒலிபரப்பு ஊழியர்களுக்கென்றே இந்தத் தடையைச் செல்லாததாக்கியிருக்கின்றன. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படியும், வேலையை விட்ட பிறகு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது. தெரியாமல் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். புது நிறுவனம் புது ஒப்பந்தம் நீட்டினால் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் பதிவுகளை வேறு ஊர் நிலையங்களில் பயன்படுத்தலாமா, அதற்குத் தனிப் பணம் உண்டா. நீங்கள் போன பிறகும் பயன்படுத்தலாமா. உங்கள் குரலைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்க அனுமதி கொடுக்கிறீர்களா. "எல்லா ஊடகங்களிலும், இனி வரும் தொழில்நுட்பங்களிலும்" என்று ஒரு வரி இருந்தால், அதற்குள் குரல் நகலும் அடங்கும் என்று நாளை வாதாடுவார்கள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் விலக்கி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு, பிறகு இல்லை. நிகழ்ச்சியில் நீங்கள் உருவாக்கிய பாத்திரங்கள், அவற்றின் பெயர்கள், நிலையத்துக்காக நடத்தும் சமூக ஊடகக் கணக்கு யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே உட்காரலில் பேசிவிடுங்கள்.

இன்னொன்று, சட்டப் பிரச்சினை இல்லாதது, ஆனால் எனக்கு மிகவும் வலிப்பது. இரண்டு ஸ்டுடியோ ஒன்றாகும்போது பழைய நாடாக்களும் வட்டுகளும் குப்பைக்குப் போகின்றன. நாற்பது வருஷத்துப் பேட்டிகள், இறந்துபோன கலைஞர்களின் குரல்கள், வெள்ளக் காலத்து ஒலிபரப்புகள். புது முதலாளிக்கு அவை வாடகை கொடுத்து வைத்திருக்கும் அட்டைப்பெட்டிகள். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஊர் அருங்காட்சியகத்துக்கோ கொடுக்க முயலுங்கள். கைமாறும் முன் இருக்கும் அந்தச் சில அமைதியான மாதங்கள் இதற்குத்தான் நல்ல நேரம். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், கேட்க ஆள்தான் இருப்பதில்லை. உங்கள் சொந்த நிகழ்ச்சிகளில் நல்லவற்றின் மாதிரிப் பதிவையும் அனுமதியோடு இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை போகும் நாளில் கணினிக் கடவுச்சொல் காலையிலேயே செத்திருக்கும், அடுத்த வேலைக்குக் காட்ட எதுவும் இருக்காது.

பணிநீக்க ஒப்பந்தம் கொடுத்தால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். அதில் பெரும்பாலும் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரியும், நிறுவனத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்ற வரியும் இருக்கும். ஒரு வழக்கறிஞரிடம் காட்டக் கால அவகாசம் கேளுங்கள். அமெரிக்காவில் 40 வயது கடந்தவர்களைக் குழுவாக அனுப்பும்போது 45 நாள் அவகாசம் சட்டப்படியே உண்டு. நேயர்களுக்கு விடைசொல்ல ஒரு கடைசி நிகழ்ச்சி கேட்டுப் பாருங்கள். நிர்வாகங்கள் தயங்கும், நேரலையில் என்ன சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். பதிவு செய்து கொடுக்கிறேன் என்றால் சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். நேற்றுவரை தினமும் பேசிய குரல் காரணம் சொல்லாமல் மறைந்துபோவது நேயர்களையும் காயப்படுத்துகிறது.

நேயர்களால் செய்யக்கூடியதும் இருக்கிறது, ஆனால் கைமாறும் முன் செய்ய வேண்டும். அமெரிக்காவில் உரிம மாற்ற விண்ணப்பம் பொதுவில் வந்த பிறகு 30 நாளுக்குள் ஆட்சேப மனு போடலாம். பிரிட்டனில் போட்டி ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும். இணைப்பே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது அபூர்வம். ஆனால் ஊரில் ஸ்டுடியோ தொடருமா, இரவில் அவசரத்துக்கு எந்த எண்ணில் யார் எடுப்பார், உள்ளூர் நிகழ்ச்சி எத்தனை மணி நேரம் என்று குறிப்பான கேள்விகளை எழுத்தில் கேட்டால், நிறுவனம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும். பின்னால் பிடித்துக் கேட்க அது உதவும். விளம்பரம் கொடுக்கும் ஊர் வியாபாரிகள் சேர்ந்து கேட்டால் இன்னும் சீக்கிரம் பதில் வரும்.

வணிக நிலையம் ஊரைக் கைவிட்டே விட்டால் சமூக வானொலி ஒரு வழி. அமெரிக்காவில் 100 வாட் வரையிலான குறைந்த சக்தி நிலையங்களுக்கான இடத்தை 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் விரிவாக்கியது. இந்தியாவில் 2004ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் முதல் நிலையம் தொடங்கி, 2006 கொள்கைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் நடத்த முடிகிறது. சம்பளம் குறைவு, எட்டும் தூரம் குறைவு, எல்லோருக்கும் அங்கே வேலை கிடைக்காது. ஆனால் வேலை இழந்த ஒரு என்ஜினியரும் ஒரு ஆர்ஜேயும் ஒரு சேல்ஸ் ஆளும் சேர்ந்து ஒரு கல்லூரியையோ அறக்கட்டளையையோ அணுகினால், அந்த மூவரிடமும் இருக்கும் அனுபவத்துக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு. உரிமம் கிடைக்க நெடுநாள் ஆகும் என்பதால் விண்ணப்ப வேலையைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது.